முதல் பணத்தை எதில் போடுவது? திருகோணமலையில் காணி உறுதி எழுதும் கந்தோருக்கான தொழில்நுட்பத் தெரிவுகள்

திருகோணமலையில் சட்டத்தரணியாகவும் பிரசித்த நொத்தாரிசாகவும் (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) தொழில் தொடங்கும் இளையவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கையில் உள்ள பணத்தை முதலில் எதில் போடுவது? விலை கூடிய கணினியிலா, வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் மாதக் கட்டண மென்பொருளிலா, அல்லது கைபேசியும் வாட்ஸ்அப்பும் போதுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டை ஸ்கேனர் ஒன்று, யூனிகோட் (எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் எழுத்து முறை) தட்டச்சுப் பழக்கம், ஒழுங்காக நிரப்பப்படும் விரிதாள் (எக்செல் போன்றது) ஒன்று. இந்த மூன்றும் கந்தோருக்குள் வந்த பிறகே மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும். சாதாரணக் கணினி ஒன்றே இவற்றுக்குத் தாராளம்.

காரணம் விளங்க வேண்டுமானால், சட்டம் எங்கே கோடு கிழித்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் தொழிலின் அத்திவாரம். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பமிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின் ஆவணங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தபோதும், அதன் 23ஆம் பிரிவு அசையா ஆதன விற்பனையையும் உரித்து மாற்றத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) இறுதி விருப்பாவணத்தையும் வெளியே நிறுத்தியது. ஆகவே கையொப்பம் இடப்படும் அந்த வேளைக்கு எந்தச் செயலியும் மாற்றாகாது. தொழில்நுட்பத்துக்கு அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை. பழைய உறுதியை வாசிப்பது, உரித்தைத் தேடுவது, வரைவது, பதிவுக்கு அனுப்புவது, பாதுகாப்பது ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன.

பழைய உறுதி: கைபேசிப் படமா, ஸ்கேனரா?

இந்த மாவட்டத்தில் ஓர் உறுதியின் நகல் வெறும் நகல் அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது கரையோரக் குடும்பங்கள் பல, வீட்டோடு உறுதிப் பெட்டியையும் இழந்தன. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்தும் சம்பூரிலிருந்தும் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதே கதி. அப்படி வந்தவர்களின் உரித்தை மீட்டெடுக்கும் வேலையில், எங்கோ ஒரு கந்தோரின் கோப்பில் கிடந்த மங்கிய ஒளிப்படப் பிரதி ஒன்றில் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தாலே போதும். காணிப் பதிவகத்தில் உள்ள இணைப்பிரதியை (நொத்தாரிசு அங்கே அனுப்பிய இரண்டாம் பிரதி) தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுக்க வழி பிறந்துவிடும். அந்த மூன்று விவரங்களும் இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே கட்சிக்காரர் ஓர் உறுதியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் முதல் நாளே அதை முழுமையாகப் படியெடுத்துவிடுவது நம் கடமை என்று நான் நினைக்கிறேன்.

எதைக் கொண்டு படியெடுப்பது? கைபேசி கையிலேயே இருக்கிறது; செலவில்லை. வெருகலிலோ குச்சவெளியிலோ இருப்பவர், உறுதியின் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவரை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரச் சொல்லாமலே, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு பயனுக்காகவே வாட்ஸ்அப் கந்தோரில் இருக்க வேண்டும். ஆனால் அது முதல் பார்வைக்கு மட்டும். படமாக அனுப்பப்படுவது சுருக்கப்படுகிறது. பேர்ச்சஸ் அளவில் 3 என்பது 8 ஆகத் தெரிகிறது. குறைந்தது ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், கைபேசியில் உள்ள ஸ்கேன் செயலிகள் தாளை வெள்ளையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் மாற்றும் விதம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழைய உறுதியில் நமக்கு மிகவும் வேண்டியவை ஊதா மையில் குத்திய பதிவக முத்திரையும், ஓரத்தில் யாரோ எழுதிய பதிவுத் தொகுதி, பக்க இலக்கங்களும், பென்சில் குறிப்புகளும்தான். செயலி முதலில் அழிப்பது இவற்றைத்தான். நில அளவைப் படத்தின் கதை இன்னும் மோசம். கைபேசி சற்றுச் சாய்ந்தாலும் சதுரக் காணி சரிவகமாகிவிடும். அந்தப் படத்தின் மேல் அளவுகோல் வைத்துப் பேசவே முடியாது.

தட்டை ஸ்கேனர் மெதுவானது. ஓர் உறுதிக்குப் பத்து நிமிடம் போகும். தாள்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் வேக ஸ்கேனர் அதை ஒரு நிமிடத்தில் முடிக்கும். விற்பனையாளர் இரண்டாவதைத்தான் காட்டுவார். வாங்காதீர்கள். ஐம்பது, அறுபது வருடம் மடித்து வைத்த தாள், மடிப்பில் ஒட்டுநாடா போட்ட தாள், பூச்சி அரித்த தாள் ஆகியவை அந்த உருளைகளுக்குள் போனால் எப்படித் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அது கட்சிக்காரரின் மூல உறுதி. அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது. தட்டைக் கண்ணாடியில், நிறத்தோடு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தெளிவில், வெறுமையாகத் தெரியும் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெரிய அளவைப்படத்துக்கு மட்டும் நகரில் பெருந்தாள் ஸ்கேன் செய்யும் கடைக்கு நீங்களோ உங்கள் எழுதுவினைஞரோ கூடவே போய், கோப்பைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு, கடைக் கணினியில் இருப்பதை அழிக்கச் செய்துவிட்டு வாருங்கள்.

பாமினியா, யூனிகோடா?

இதைப் பலர் எழுத்துரு விருப்பம் என்று எண்ணுகிறார்கள். என் பார்வையில் ஒரு கந்தோரின் ஆயுளை முடிவு செய்யும் கேள்வி இதுதான்.

நம் பகுதியில் தட்டச்சு கற்றவர்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கற்றவர்கள். வேகமாக அடிப்பார்கள், பிழை குறைவு, அச்சில் அழகாக இருக்கும். ஆனால் பாமினியில் அடித்த ‘நிலாவெளி’ கணினிக்குள் தமிழாக இருப்பதில்லை. அங்கே ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எவருக்கும் விளங்காத குப்பை தெரியும். பத்து வருட உறுதிகளுக்குள் ஒரு காணியின் பெயரையோ ஒரு கட்சிக்காரரையோ யூனிகோடில் தேடினால் எதுவும் கிடைக்காது. மின்னஞ்சலில் ஒட்டினாலும் கைபேசியில் திறந்தாலும் இதே நிலைதான்.

யூனிகோடில் அடித்த உறுதி எங்கும் தமிழாகவே திறக்கும், தேடினால் அகப்படும். உப்புவெளியில் ஒரே காணியைப் பத்து வருடத்துக்கு முன் நீங்களே பிரித்து எழுதியிருந்தால், அந்தப் பெயரைத் தட்டியவுடன் முன்னைய எல்லை விவரணம் வந்து நிற்கும். உரித்துத் தேடலில் இதைவிடப் பெரிய உதவியை எந்த விலையுயர்ந்த மென்பொருளும் எனக்குத் தந்ததில்லை.

பாமினியில் பழகிய எழுதுவினைஞர் மாற மறுப்பார் என்ற அச்சம் தேவையற்றது. பாமினியின் விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்க இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. விரல்கள் அதே இடத்தில் விழும். கணினிக்குள் போவது மட்டும் மாறும். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் கட்சிக்காரரின் அடையாள அட்டை இலக்கத்தோடு முழு உறுதியையும் முகம் தெரியாத ஓர் இணையதளத்தில் ஒட்டாதீர்கள். கணினியிலேயே இயங்கும் மாற்றியைத் தேடுங்கள். மாற்றிய பிறகு எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிட வேண்டும். கூட்டெழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் மாற்றத்தில் இடறுவதுண்டு.

மென்பொருளா, விரிதாளா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வெளிநாட்டுக் கந்தோர் மென்பொருள்கள் நேரக் கணக்குக்கும் பற்றுச்சீட்டுக்கும் நல்லவை. ஆனால் அவற்றுக்கு நம் பதிவேட்டுத் தொகுதி தெரியாது, பிரதேச செயலகம் தெரியாது, பேர்ச்சஸ் தெரியாது. கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. அந்த விலை ஏறும்போது கட்டணத்தை நிறுத்தினால் உங்கள் கோப்புகள் எந்த வடிவில் உங்களிடம் திரும்பி வரும் என்பதை வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

விரிதாளில் ஓர் உறுதிக்கு ஒரு வரி. உறுதி இலக்கம், திகதி, வகை, தருபவர், பெறுபவர், காணியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, அளவைப்பட இலக்கம், முன்னைய பதிவின் தொகுதியும் பக்கமும், செலுத்திய முத்திரைத் தீர்வை, பதிவுக்குக் கொடுத்த நாள், பதிவாகித் திரும்பிய நாள். கடைசி இரண்டு நிரல்களுக்கு நிறம் போடுங்கள்; நிரப்பாத இடம் சிவப்பாகத் தெரியட்டும். கையொப்பமான உறுதி பதிவாகாமல் கிடப்பது ஆபத்து. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, அதே காணிக்குப் பின்னர் பெறுமதி கொடுத்து எழுதிய உறுதியை ஒருவர் முந்திப் பதிந்துவிட்டால் பதியாத முந்தைய உறுதி தோற்கக்கூடும். ஒரு வரி மூன்று நாட்களுக்கு மேல் சிவப்பாக நின்றால் கந்தோரில் எல்லாருக்கும் அது தெரிய வேண்டும்.

நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதிக்குள் முந்தைய மாத உறுதிகளின் இணைப்பிரதிகளும் பட்டியலும் காணிப் பதிவாளரிடம் சேர வேண்டும் அல்லவா? அந்தப் பட்டியலை இதே விரிதாளிலிருந்து எடுக்கலாம். அளவு மாற்றத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். பழைய உறுதி ஏக்கர், றூட், பேர்ச்சஸில் இருக்கும். புதிய அளவைப்படம் ஹெக்டேயரில் வரும். ஒரு ஏக்கர் 4 றூட், 160 பேர்ச்சஸ். 10 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 0.0253 ஹெக்டேயர். மனக்கணக்கில் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் காணி பத்து மடங்காகிவிடும். சூத்திரம் ஒருமுறை எழுதிவைத்தால் அந்தக் கவலை இல்லை.

வன்தட்டா, மேகச் சேமிப்பா?

இரண்டும். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மேகச் சேமிப்பு. கடற்கரைப் பட்டணம் இது. உப்புக் காற்று மின்கருவிகளை மெல்ல அரிக்கிறது. மாரியில் நீர் ஏறும் தெருக்களில் கந்தோர் நடத்துகிறோம். கணினியும் அதன் பிரதியான வெளிவன்தட்டும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். மாறாக, மேகச் சேமிப்பு ஒன்றையே நம்பினால், 2022இல் பட்டதுபோல் நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது கட்சிக்காரர் முன்னால் கைகட்டி உட்கார வேண்டியிருக்கும். வன்தட்டு வீட்டில், மேகப் பிரதி இணையத்தில், நடைமுறைக் கோப்பு கந்தோரில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரகசியம் பற்றிய கேள்வி நியாயமானது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே தொழில் ஒழுக்கம் நம்மை இரகசியம் காக்கச் சொல்கிறது. கந்தோருக்குத் தனிக் கணக்கு, இரட்டை உறுதிப்பாடு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் முறை), ஆவணங்களைக் கடவுச்சொல்லால் பூட்டி ஏற்றும் வழக்கம் மூன்றும் கட்டாயம். எழுதுவினைஞரின் சொந்த மின்னஞ்சலில் கட்சிக்காரரின் உறுதி கிடக்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அதுவும் அவரோடு போய்விடும்.

செய்மதிப் படமா, நேரில் போவதா?

கூகுள் எர்த் நல்ல கேள்விகளை எழுப்பும், பதில் சொல்லாது. நிலாவெளியிலோ உப்புவெளியிலோ விடுதி கட்ட ஒருவர் காணி வாங்க வரும்போது, நான் அந்தத் திரையைத்தான் முதலில் திறப்பேன். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். திரையில் தூரத்தை அளந்தால் 150 மீற்றர் என்று வரும். உடனே வாங்குபவரிடம் பேச வேண்டியதைப் பேசிவிடலாம். பழைய ஆண்டுப் படங்களைப் புரட்டினால், வேலி எப்போது வந்தது, பாதை எங்கே இருந்தது, எவருமில்லை என்று சொல்லப்பட்ட காணியில் கூரை ஏதும் தெரிகிறதா என்றும் பார்க்கலாம்.

ஆனால் எல்லை சில மீற்றர் இடறும். அதைவிட முக்கியம், உரித்து எந்த வகை என்பதை வானத்திலிருந்து காண முடியாது. கந்தளாயில் ஒரு வயலும் பக்கத்து வயலும் திரையில் ஒரே பச்சை. ஒன்று தனியார் உறுதிக் காணியாக இருக்கலாம். மற்றது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுத்த அரச காணியாக இருக்கலாம். இரண்டாவதைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கட்சிக்காரர் இரண்டையுமே ‘உறுதி’ என்றுதான் சொல்லுவார். ஆகவே நில அளவையாளரின் அளவையும், பதிவகத் தேடலும், பிரதேச செயலகக் கோப்பும், காணியில் போய் நின்று அயலவரிடம் கேட்பதும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பல இளையவர்கள் விட்டுவிடுகிறார்கள். அயலவர் ஒருவர் “அது அவையின்ர சித்தப்பாவின்ர காணியல்லோ” என்று சொல்லும் ஒரு வசனம், முப்பது வருடப் பதிவுத் தேடலில் அகப்படாத பங்காளி ஒருவரைக் காட்டிவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே காணி உண்டு. காணொளி அழைப்பிலேயே எல்லாவற்றையும் முடிக்க முடியாதா என்று அவர்கள் ஆதங்கப்படுவது எனக்கு விளங்குகிறது. முடியாது. அற்றோணித் தத்துவம் தாளில், அங்குள்ள இலங்கைத் தூதரக வழியாகவோ உரிய அத்தாட்சியோடோ வர வேண்டும். காணொளிக்கு வேறொரு பெறுமதி உண்டு. தத்துவத்தை எழுதும் முன் கொடுப்பவரை நேரில் பார்த்துப் பேசி, எந்தக் காணி, யாருக்கு, விற்கவா அல்லது பராமரிக்கவா, பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். தத்துவம் வந்து சேர்ந்த பிறகு, விற்பனைக்கு முன் மறுபடி அழையுங்கள். இடையில் அவர் அதை இரத்துச் செய்திருக்கலாம், இறந்தும் இருக்கலாம். மின்னஞ்சலில் வரும் “மாமா சொன்னபடி செய்யுங்கள்” என்ற ஒரு வரியை விட அந்தப் பத்து நிமிடப் பேச்சு பெரிய பாதுகாப்பு.

செயற்கை நுண்ணறிவு

சிங்களத்தில் உள்ள அனுமதிப்பத்திரத்தையோ கடிதத்தையோ முதல் தடவை புரிந்துகொள்ள இயந்திர மொழிபெயர்ப்பு உதவுகிறது. பெயர்களையும் அடையாள இலக்கங்களையும் மறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நம்பிச் செயற்படும் முன் மொழிபெயர்ப்பாளரின் பிரதியை வாங்குங்கள். கட்சிக்காரருக்கு எழுதும் கடிதத்தின் வரைவுக்கும் குறையில்லை. உறுதியின் அட்டவணையை, அதாவது காணியின் பெயரையும் எல்லைகளையும் விவரிக்கும் பகுதியை, மட்டும் அதனிடம் கொடுக்க வேண்டாம். பழைய உறுதியில் காணியின் பெயர் ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கும், எல்லையில் உள்ள அயலவரின் பெயர் இன்னொரு விதமாக இருக்கும். பதிவகம் பழைய பதிவோடு எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும். இயந்திரமோ அந்த எழுத்தைப் பிழை என்று எண்ணிச் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறது. வடக்கு எல்லையைத் தெற்கில் வைத்து அழகான வசனமாகவும் தருகிறது. வாசிப்பவர் கண்ணில் அது படாது. அட்டவணையை யூனிகோடில் உள்ள முந்தைய உறுதியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டி, மூலத்தை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்ப்பதற்கு இணையான முறையை நான் இன்னும் காணவில்லை.

எந்தத் தெரிவை எடுத்தாலும் ஒரு சோதனை வையுங்கள். மாதப் பட்டியலைப் பதிவகத்தில் சேர்த்த அன்று, விரிதாளில் கண்ணை மூடி ஒரு வரியைத் தொட்டு, அந்த உறுதியின் ஸ்கேன் படியை கந்தோர்க் கணினியைத் தொடாமல் வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். இரு பக்கமும், பதிவக முத்திரையும், அளவைப்படமும் தெளிவாக வந்தால் சரி. வராவிட்டால் அடுத்த உறுதிக்கு இலக்கம் போடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.